குறைந்த விலையில் நம்பகமான பவர் சப்ளை: ஸ்டிக்கரைப் படித்து வாங்கும் முறை

சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் கணினி பழுதுபார்க்கும் எனக்கு, வேறு எந்தப் பாகத்தைக் காட்டிலும் சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பெட்டியான பவர் சப்ளையைப் பற்றித்தான் வாடிக்கையாளர்களிடம் அதிகம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் ஒருவர், எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருக்கும் மகனுக்காகக் கணினி ஒன்று சேர்க்க வந்திருந்தார். நான் எடுத்து வைத்த 450 வாட் பெட்டியையும் தம் கைப்பேசியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, இதுல 700 வாட் போட்டிருக்கு, விலையும் பாதிதான். நீங்க 450-ஐக் காட்டுறீங்களே?”

“அண்ணே, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க. பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிப்போம்.”

அந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக 20 ஆம்பியர் என்றிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்; ஆக, 240 வாட். 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், அதாவது 150 வாட். 3.3 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், ஏறத்தாழ 92 வாட். மூன்றையும் கூட்டினாலும் 500-ஐத் தொடவில்லை. முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்த 700 எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஸ்டிக்கரிலேயே பதில் இல்லை. நான் காட்டிய 450 வாட் பெட்டியிலோ 12 வோல்ட்டுக்கு மட்டும் 36 ஆம்பியர், அதாவது 432 வாட் இருந்தது. இந்தக் கணக்கை ஒருமுறை போடப் பழகிக்கொண்டவர் பிறகு பெட்டியின் முகப்பைப் பார்ப்பதே இல்லை.

12 வோல்ட்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், இன்றைய கணினியில் மின்சாரத்தை அதிகம் விழுங்கும் இரண்டு பாகங்களான புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த ஒரே நிரையிலிருந்துதான் (அதாவது, குறிப்பிட்ட ஒரு வோல்ட்டைத் தரும் மின்பாதையிலிருந்துதான்) எடுத்துக்கொள்கின்றன. 1995-இல் மதர்போர்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் அளவுகளையும் இணைப்புகளையும் வரையறுக்கும் ஏடிஎக்ஸ் தரத்தை இன்டெல் வெளியிட்ட காலத்தில் புராசஸருக்கான மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் நிரைகளிலிருந்தே போனது. 2000-ஆம் ஆண்டு, பென்டியம் 4 வந்த சமயத்தில், புராசஸருக்கென்றே 12 வோல்ட் தரும் நான்கு முனை இணைப்பு சேர்க்கப்பட்டது. அப்போது தொடங்கிய மாற்றம் இன்று முழுமையடைந்துவிட்டது. மலிவான பவர் சப்ளைகளில் பல, பழைய காலத்து வடிவமைப்பையே புதிய உறைக்குள் வைத்து விற்கப்படுகின்றன. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் தாராளமாக ஆம்பியர் காட்டி, 12 வோல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் செய்யும் ஸ்டிக்கரைக் கண்டால் அது அந்த இனம் என்று புரிந்துகொள்ளலாம். சிலவற்றில் 12 வோல்ட் இரண்டு நிரைகளாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். அப்போது இரண்டு ஆம்பியரையும் கூட்டிவிடக் கூடாது. கீழே கூட்டு வாட் என்று தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்

பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே வேண்டும். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், ரைசன் 5 5600ஜி போன்ற புராசஸரோடு வீட்டுப்பாடம், இணைய வகுப்பு, கணக்கு வழக்கு என்று பயன்படும் கணினியை எடுத்துக்கொள்வோம். அந்தப் புராசஸர் முழு வேகத்தில் ஓடினாலும் 88 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் அனைத்துக்கும் 50 வாட் ஒதுக்கினால் மொத்தம் 140 வாட் அளவில் நின்றுவிடும். இதற்கு உண்மையான 400 அல்லது 450 வாட் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை ரேமில் போடுவது நல்லது.

விளையாட்டுக்கான கணினி என்றால் கணக்கு மாறும். கோர் ஐ5 12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும்; ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட்; மற்றவற்றுக்கு 50. கூட்டினால் 337 வாட் வருகிறது. ஆனால் என்விடியா அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுகள் சில மில்லி வினாடிகளுக்குத் தம் சராசரியைக் காட்டிலும் மிக அதிகமாக இழுக்கின்றன. அந்தத் துள்ளலைத் தாங்காத பவர் சப்ளை, விளையாட்டின் நடுவே கணினியைச் சட்டென்று அணைத்துவிடும். தவிர, பவர் சப்ளையை எப்போதும் அதன் எல்லையில் ஓட்டினால் விசிறி இரைந்துகொண்டே இருக்கும், சூடும் ஏறும். எனவே உச்சக் கணக்கின்மேல் பாதியளவு கூட்டிக்கொண்டு, அதற்கு அடுத்த அளவைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். 337-க்கு அது 500-ஐச் சற்றே தாண்டுகிறது. 550 வாட் பொருந்துகிறது. 75 வாட் மட்டுமே எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய கார்டுக்கு 450 வாட்டே போதும். வருங்காலத்தில் பெரிய கார்டு வாங்கலாம் என்று இன்றே 850 வாட் வாங்கி வைப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பெரிய கார்டு வந்து சேர்ந்ததை இதுவரை ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

80 பிளஸ் சொல்வதும் சொல்லாததும்

80 பிளஸ் என்ற முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், சாதாரண ஒயிட் தரத்துக்கு எல்லாச் சுமையிலும் குறைந்தது 80 விழுக்காடு. புரோன்ஸ் தரத்துக்குப் பாதிச் சுமையில் 85. கோல்டு தரத்துக்கு அதே இடத்தில் 90. எஞ்சியது வெப்பமாக வெளியேறும். மின் கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லிக் கோல்டை விற்பவர்களின் பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 வாட் எடுக்கும் கணினிக்கு 85 விழுக்காட்டில் சுவரிலிருந்து 176 வாட்டும், 90 விழுக்காட்டில் 167 வாட்டும் போகும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் வித்தியாசம். நம் கட்டணத்தில் அது மாதம் ஒரு வெள்ளிகூட ஆகாது. ஆகவே வீட்டுக் கணினிக்கு புரோன்ஸ் போதும் என்பதே என் முடிவு.

அப்படியானால் முத்திரையே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். அந்த அளவுத் திறனை எட்ட வேண்டுமானால் உள்ளே ஓரளவு நவீனமான வடிவமைப்பு இருந்தாக வேண்டும். அது மறைமுகமான சான்று. ஆனால் பாதுகாப்பைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. அதற்குத் தயாரிப்பாளரின் விவரத் தாளில் தனியாகத் தேட வேண்டும்: மின்னழுத்தம் எகிறினால் நிறுத்துவது ஓவிபி, தாழ்ந்தால் நிறுத்துவது யுவிபி, மொத்தச் சுமை மிஞ்சினால் ஓபிபி, ஷார்ட் ஆனால் எஸ்சிபி, சூடு மிஞ்சினால் ஓடிபி. மலிவு வகைகளில் முதலில் காணாமல் போவது இந்த ஓடிபிதான். தகரக் கூரையின் கீழ், மதியம் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் கணினியை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அதுதான் அதிகம் தேவைப்படுவது. முழு வாட்டையும் எத்தனை பாகை வெப்பத்தில் தர முடியும் என்று சில தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். 40 அல்லது 50 பாகை என்றிருந்தால் எடுக்கலாம். 25 என்றிருந்தால் அது குளிரூட்டிய அறைக்கான கணக்கு. உள்ளிருக்கும் மின்தேக்கிகளிலும் 85 பாகை வகை, 105 பாகை வகை என்று உண்டு. சூடு பத்துப் பாகை கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் நெடுநாளாகக் கையாளப்படும் தோராயக் கணக்கு; அந்தக் கணக்கில் 105 பாகை வகைக்கு நம் ஊரில் தனி மதிப்பு.

பின்புறத்துச் சிவப்பு சுவிட்ச்

பவர் சப்ளையின் பின்புறத்தில், 115 என்றும் 230 என்றும் எழுதிய ஒரு சிறிய சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதை வாங்க வேண்டாம். இதைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். தொழில் பழகிய புதிதில், வந்திறங்கிய ஒரு மலிவுப் பெட்டியை உறை பிரித்து, சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல், பிளக்கைச் சொருகிச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். எழுந்த சத்தத்தில் எதிர்ப்புற ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் தேநீர்க் குவளையோடு எழுந்து நின்றார்கள். சுவிட்ச் 115-இல் இருந்தது. அந்த நிலையில் உள்ளே வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று இயங்கும். நம் 230 வோல்ட்டை அது இரட்டித்தால் நேர்மின்னோட்டமாக 650 வோல்ட் அளவுக்குப் போகும். அதைத் தாங்க அங்கே இருப்பவை 200 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டு. அறையில் எரிந்த மீன் வாடை இரண்டு நாள் போகவில்லை.

சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி எனப்படும் சுற்றமைப்பு உள்ள பவர் சப்ளைக்கு இந்தச் சுவிட்ச் தேவைப்படாது. ஸ்டிக்கரில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை, அல்லது 200 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும். நம் நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் இரண்டுமே இங்கே செல்லும். சுவிட்ச் இல்லை என்பதையே முழுச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 230 வோல்ட்டுக்கென்று மட்டும் செய்து, பிஎஃப்சி வைக்காமல் விடும் மலிவு வகைகளும் உள்ளன. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சொல் விவரத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் பவர் சப்ளையைத் திறந்து பார்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

கேபிள்கள்

மதர்போர்டுக்கு 24 முனை, புராசஸருக்கு நான்கும் நான்குமாகப் பிரியும் 8 முனை, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆறும் இரண்டுமாகச் சேரும் 8 முனை, வட்டுகளுக்கு சாட்டா. இவை உங்கள் மதர்போர்டும் கார்டும் கேட்கும் எண்ணிக்கையில் உண்டா என்று வாங்குமுன் எண்ணிப் பாருங்கள். கார்டைச் சொருகும் மதர்போர்டின் பிசிஐஇ துளை வழியே 75 வாட், 6 முனை இணைப்பு வழியே 75 வாட், 8 முனை இணைப்பு வழியே 150 வாட் என்பது வரையறை. 500 வாட் என்று எழுதிவிட்டுப் புராசஸருக்கு 4 முனை மட்டும் கொடுத்து, கார்டுக்கு ஒன்றுமே கொடுக்காத பவர் சப்ளை, தன் 500 வாட்டைத் தானே நம்பவில்லை. அந்தக் குறையை மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முனை இணைப்பிலிருந்து மாற்றும் ஐந்து வெள்ளி கன்வெர்ட்டரால் சரிக்கட்டுவது தீக்கு வழிவகுக்கும்.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையை வாங்கினால், அதன் கேபிள்களை அதனுடனேயே வைத்துக்கொள்ள வேண்டும். கணினிப் பக்கத்து முனைதான் எல்லாருக்கும் பொது. பவர் சப்ளையின் பக்கம் முனைகளின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில நேரம் மாடலுக்கு மாடல், மாறும். வடிவம் ஒத்துப்போவதால் வேறொன்றின் கேபிளைத் தவறிச் சொருகிவிட வாய்ப்புண்டு; அப்படிச் சொருகினால், எஸ்எஸ்டியின் 5 வோல்ட் முனைக்கு 12 வோல்ட் போய், அதிலிருந்த படங்கள் எல்லாம் போய்விடும். மலிவு விலையில் வாங்குபவருக்கு மாடுலர் வசதி அவசியமில்லை. எஞ்சிய கேபிள்களைக் கட்டி ஓரமாக ஒதுக்கினால் போதும்.

அலுவலகங்களில் கழித்துவிட்ட டெல், எச்பி கணினிகளை வாங்கி, அதில் கிராஃபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் கொடுக்குமுன் மூடியைத் திறந்து மதர்போர்டு இணைப்பைப் பாருங்கள். அவற்றில் பலவற்றில் 24 முனை இருக்காது. அந்தந்த நிறுவனத்துக்கே உரிய 6 முனை அல்லது 8 முனை இணைப்பு இருக்கும், பெட்டியின் அளவும் ஏடிஎக்ஸுக்கு ஒவ்வாது. அத்தகைய கணினியில் பழைய பவர் சப்ளையையே வைத்துக்கொண்டு, தனி இணைப்புத் தேவைப்படாத 75 வாட் கார்டோடு நிறுத்திக்கொள்வது செலவில்லாத வழி.

எங்கே, எந்த உத்தரவாதத்தோடு

கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளைக்கு விலை இல்லை என்பதே அதன் மதிப்பு. நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். பயன்படுத்திய பவர் சப்ளையையும், எத்தனை ஆண்டு ஓடியது என்று தெரியாதவரை, வாங்குவதில்லை. பயன்படுத்திய ரேமும் புராசஸரும் வாங்கத் தயங்காத நான் இதில் மட்டும் புதியதையே கேட்பேன்.

உத்தரவாதம் 3 ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். 5 ஆண்டு தரும் புரோன்ஸ் வகைகளும் எட்டும் விலையிலேயே உள்ளன. ஷாப்பியிலோ லசாடாவிலோ வாங்கினால், மலேசிய இறக்குமதியாளரின் முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் பெட்டிக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் எழுதியிருந்தாலும், பழுதானால் அதைத் திருப்பி அனுப்பும் கூலியே பாதி விலையைத் தின்றுவிடும். ஈப்போவுக்குப் போகும் வேலை இருந்தால் இக் ஃபூங் வளாகத்துக் கடைகளில் நேரில் பார்த்து வாங்கலாம். பத்துப் பதினைந்து வெள்ளி கூடினாலும், பழுதானபோது அதே மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். விளையாட்டுக் கணினிக்கு 200 வெள்ளியை ஒட்டிய தொகையை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவைத்து, மற்றப் பாகங்களை எஞ்சிய பணத்தில் தேடச் சொல்வேன். கடைசியில் மிஞ்சியதைக் கொண்டு பவர் சப்ளை வாங்குபவர்தான் அந்த 700 வாட் பெட்டியிடம் போய்ச் சேர்கிறார். ஒரே நிறுவனம் நல்லதும் மட்டமுமாகப் பல மாடல்கள் செய்வதால் பிராண்டு பெயரை மட்டும் நம்பாமல், முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, சைபெனெடிக்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் வெளியிடும் அறிக்கைகளில் தேடிப் பாருங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஒரு அக்கா இரண்டு முறை பவர் சப்ளையை மாற்றிக்கொண்டு போனார். மூன்றாம் முறை நானே பழைய லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தன. எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பவர் சப்ளையின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய மின்தேக்கிகள் கேசிங்கோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங்கில் பாதி மின்னழுத்தம், 115 வோல்ட் அளவில், மிதந்து நிற்கும். பொதுவாக மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உண்மையான பழுது ஏற்படும் நாளில் காப்பாற்ற எர்த் இருக்காது. எந்தப் பவர் சப்ளை வாங்கினாலும் இது தீராது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சாக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும். பவர் கேபிளிலும் எக்ஸ்டென்ஷனிலும் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கட்டும்.

அடுத்தது இடி. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் நம் பேராக்கில் மதியத்துக்குப் பின் வானம் கறுத்தால், பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுவதே சரியான பாதுகாப்பு. சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. இணையக் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டை எரித்துவிட்டுப் போனதும் உண்டு. இடி தாங்கும் எக்ஸ்டென்ஷன் சிறிய எகிறல்களைத் தணிக்கும், அருகில் விழும் மின்னலை நிறுத்தாது. பெரும்பாலான உத்தரவாதங்கள் மின்னல் சேதத்தை ஏற்பதுமில்லை.

பொருத்தும்போது விசிறிக்குக் காற்று போகும் பக்கம் பார்த்து வையுங்கள்: கேசிங்கின் அடியில் வலையும் தூசித் தட்டும் இருந்தால் விசிறி கீழ்நோக்கி, இல்லாவிட்டால் மேல்நோக்கி. கணினியை நேரே சிமெந்துத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின்மேல் ஏற்றுங்கள்; தூசியோடு எறும்பும் பல்லிக்குட்டியும் தேடி வருவது அந்தச் சூட்டைத்தான். முதல் முறை இயக்கியதும் மதர்போர்டின் பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரையில் 12 வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும்; அந்தத் திரையின் அளவீடு துல்லியமானதன்று என்றாலும், 11.2 போன்ற எண்ணைக் கண்டால் மல்டிமீட்டரால் சரிபார்க்காமல் விடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால், ரசீதையும் பெட்டியில் உள்ள தொடர் எண்ணையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெக்கைக்குக் கடை ரசீதின் எழுத்து ஓராண்டுக்குள் வெளுத்துவிடும், உத்தரவாதமோ ஐந்து ஆண்டு.